விறாந்தை ஆங்கிலம்

என் கணவருக்குப் புத்தளம் உப்புக் கந்தோரில் கிளாக்கர் வேலை. கற்பிட்டியிலிருந்து நாங்கள் அங்கே குடிவந்தபோது இரண்டாவது உலக யுத்தம் தொடங்கியிருந்தது. அதற்குச் சற்று முன்னர்தான் எங்கள் முதல் பிள்ளை, ஒரு பெண், பிறந்து ஒரு மாதம் நிறையுமுன் இறந்துபோயிருந்தாள். அவளைப் பற்றி அவர் என்னிடம் ஒரு சொல்லும் பேசியதில்லை. நானும் கேட்கவில்லை.

பக்கத்து வீட்டில் இருந்தவர் போஸ்ட் மாஸ்டர், பறங்கியர். பின்னேரங்களில் அவர் எங்கள் வீட்டு முன் விறாந்தைக்கு வருவார். கதிரைகளில் சாய்ந்துகொண்டு இருவரும் ஆங்கிலத்தில்தான் கதைப்பார்கள். போஸ்ட் மாஸ்டருக்கும் தமிழ் நன்றாகத் தெரியும். அப்படியிருக்க ஏன் ஆங்கிலம்? தேத்தண்ணீர் கொண்டுபோய் வைக்கும்போது எனக்குக் கேட்டதெல்லாம் ஒரே இரைச்சல். ஒரு சொல் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதே பிடிபடாது. அதற்குள் என்னதான் இருக்கிறது என்று அறியும் ஆவலில்தான் நான் ஆங்கிலம் படிக்கத் தொடங்கினேன்.

சொல்லித் தந்தவர் போஸ்ட் மாஸ்டரின் மனைவி. நான் அவரை நோனா என்றே கூப்பிடுவேன். கண்டியிலிருந்து வந்தவர், தமிழ் அவ்வளவாக வராது. காலையில் எங்கள் குசினியில் நண்டு உடைக்கவும் கணவாய் கழுவவும் நான் காட்டிக் கொடுப்பேன். கைபட்ட ஒவ்வொன்றுக்கும் அவர் ஆங்கிலத்தில் பெயர் சொல்வார், நான் தமிழில் சொல்வேன். சுவாமியாரையும் தெருநாயையும் ஒரே 'யூ' என்ற சொல்லால் கூப்பிடலாம் என்று அறிந்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. நோனாவுக்கு அதற்கு நேர்மாறான கஷ்டம். ஒருநாள் மாதா கோயில் வாசலில் சுவாமியாரை "நீ வா" என்று வரவேற்றார். வீட்டுக்கு வந்து பூனையை "வாங்க" என்றார்.

மாதங்கள் போக, விறாந்தை இரைச்சலுக்குள் சொற்கள் தலைகாட்டின. உப்பு. மழை. சம்பளம். ஏதோ பெரிய இரகசியம் என்று நினைத்திருந்த எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு சொல் பிடிபடும்போதும், அடுத்தது என்னவாக இருக்கும் என்று கதவோரம் நின்றுவிடுவேன்.

அப்படி நின்ற ஒரு பின்னேரம் கணவர் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"ஷீ ஹாட் லோங் பிங்கர்ஸ்."

'ஷீ' என்றால் அவள். 'லோங் பிங்கர்ஸ்' நீண்ட விரல்கள். நடுவில் இருந்த 'ஹாட்' மட்டும் எனக்குத் தெரியாது. யார் அந்த நீண்ட விரல்காரி? என்னுடையவை வலை இழுத்த குடும்பத்தின் கட்டையான விரல்கள். தேத்தண்ணீர்க் கோப்பைகளை எடுக்காமலே உள்ளே போய்விட்டேன். இரவுச் சாப்பாட்டின்போது அவர் முகத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அங்கே ஒன்றும் தெரியவில்லை.

காலையில் நோனாவிடம் 'ஹாட்' என்றால் என்ன என்று கேட்டேன். அவருக்குத் தமிழில் விளக்க வரவில்லை. மேசையில் இருந்த மாம்பழத்தை என் கையில் வைத்து, "யூ ஹாவ்," என்றார். பிறகு அதைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டு, என் வெறுங்கையைக் காட்டி, "யூ ஹாட்," என்றார்.

"முந்தி இருந்திச்சி. இப்ப இல்ல," என்றேன்.

"ஓம், ஓம். இப்ப இல்ல."

கையை நீட்டியபடியே நின்றேன். பிள்ளையைக் குளிப்பாட்டும்போது என் சுண்டுவிரலைச் சுற்றிப் பிடித்த விரல்கள் ஞாபகம் வந்தன. நீளமான விரல்கள்தாம். அதை அவரும் பார்த்திருக்கிறார் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது.

அன்று பின்னேரம் கோப்பைகளை மேசையில் வைத்துவிட்டு, நோனா பழக்கிய மாதிரியே நாக்கைத் திருப்பி, "யெஸ். ஷீ ஹாட்," என்றேன்.

போஸ்ட் மாஸ்டர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். கணவர் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எப்பயிலிருந்து உனக்கு விளங்குது?"

"எல்லாம் விளங்காது. முழுசா விளங்கினது இது ஒண்டுதான். ஏன் எனக்கிட்ட சொல்லல்ல?"

"தமிழில சொன்னா அழுதிருவன்," என்றார். "இங்கிலீசில அது யாரோ வேறாளுட கதை மாதிரி இருக்கும்."

பிறகு தமிழில் சொன்னார், சொன்னதுபோலவே அழுதார். விளக்குக் கொளுத்தும்வரை நாங்கள் இருவரும் அவளைப் பற்றியே கதைத்தோம். அந்த ஞாயிறு கற்பிட்டிக்குப் போய், அவளைப் புதைத்த சேமக்காலையில் குழிமேட்டில் முளைத்திருந்த புல்லைப் பிடுங்கினோம்.

ஆங்கிலத்தை நான் விடவில்லை. பேப்பரில் யுத்தச் செய்திகளை எழுத்துக்கூட்டி வாசிக்கும் அளவுக்கு வந்தேன். பகிடிதான் கடைசிவரை பிந்தியே விளங்கியது. போஸ்ட் மாஸ்டர் ஏதாவது சொல்லி எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு நான் மட்டும் தனியாகச் சிரிப்பேன், அதைப் பார்த்து அவர்கள் மறுபடி சிரிப்பார்கள். ஏன் பிந்துகிறது என்று நோனாவிடம் கேட்டேன். தனக்கும் தமிழில் அப்படித்தான் என்றார், நல்ல தமிழில்.