எல்லைக்கோட்டில் சலீமாவின் கேமரா

புதுச்சேரி நெல்லித்தோப்பில் சலீமா போகாத கல்யாண வீடு குறைவு. பெண்கள் பகுதிக்குள் ஆண் போட்டோகிராபர் வர வேண்டாம் என்று நினைக்கும் குடும்பங்கள் அவரைத்தான் கூப்பிட்டன. பத்து வருஷமாகச் சேர்த்த அந்தப் பெயர் ஒரு மே மாத மதியம் ஐந்தே நிமிடத்தில் கெட்டுப்போனது.

முதலியார்பேட்டையில் ஒரு மண்டபம். மணப்பெண் அறையில் ஏசி விறைக்க விறைக்க ஓடியது. சலீமா இரண்டு மணி நேரம் உள்ளேயே நின்று படம் எடுத்தார். பெண்ணை வழியனுப்ப எல்லோரும் வாசலுக்குப் போனதும் அவரும் பின்னாலேயே ஓடினார். வெளியே கொளுத்தும் வெயில், கடல் காற்றின் ஈரம் வேறு. கேமராவில் கண்ணை வைத்தால் பாலை ஊற்றியது போல ஒரே வெள்ளை. லென்ஸ் முழுக்க ஆவி படிந்திருந்தது. துப்பட்டா நுனியால் துடைத்தார். துடைத்த இடத்தில் உடனே மறுபடி படிந்தது. பெண் தன்னைப் பெற்ற அத்தாவின் தோளில் சாய்ந்து அழுததும், அவர் அவள் தலையில் கை வைத்ததும், கார் கிளம்பியதும் ஒன்றும் பதியவில்லை. ஆல்பம் வாங்க வந்த பெண்ணின் தாய் சண்டை போடவில்லை. வாசலில் எடுத்த படம் எங்கே என்று கேட்டார். இல்லை என்று தெரிந்ததும் அப்படியே உட்கார்ந்து அழுதார்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்று சலீமா பிறகு சொல்வார். அந்த அழுகை அவரைத் தூங்கவிடவில்லை.

மறுநாளே பாடம் படிக்க உட்கார்ந்தார். வீட்டில் ஒரு அறையில்தான் ஏசி. அங்கே கேமராவை ஒரு மணி நேரம் குளிரவைத்து, மொட்டை மாடிக்கு எடுத்துப் போய், ஆவி எப்போது படிகிறது, எப்போது விலகுகிறது என்று கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதினார். துணியில் சுற்றிப் பார்த்தார். ஷூ டப்பாவில் வரும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களைச் சேர்த்துப் பையில் போட்டுப் பார்த்தார். கணவர் ஷஃபீக் முதல் வாரம் சிரித்தார், இரண்டாம் வாரம் அவரே நேரம் பார்த்துச் சொன்னார். ஜூன் கடைசியில் விடை கிடைத்தது. குளிர்ந்த அறைக்குள் இருக்கும்போதே கேமராவைக் காற்றுப் புகாத ஜிப் பையில் போட்டு மூடிவிட வேண்டும். வெளியே வந்தபின் ஈரம் பையின் மேல்தான் படியும், லென்ஸைத் தொடாது. உள்ளே இருப்பது மெல்ல மெல்ல வெளிச்சூட்டுக்கு வரும்வரை பையைத் திறக்கவே கூடாது. அவருடைய பெரிய லென்ஸுக்கு அதற்கு இருபது நிமிடம் ஆனது.

விடை கிடைத்தாலும் கல்யாண வீடுகள் பழையபடி கூப்பிடவில்லை. அதனால் செப்டம்பரில் உப்பளம் மைதானத்தில் நடந்த பள்ளி மாணவிகள் தடகளப் போட்டிக்குப் படம் எடுக்கக் கேட்டபோது உடனே ஒத்துக்கொண்டார். போட்டிச் செயலாளர் வெற்றிவேல் காலையில் கொடுத்த நிகழ்ச்சி நிரலைப் படித்ததும் அவர் கண் ஒரு இடத்தில் நின்றது. மூன்று மணிக்கு ஏசி அரங்கில் பழைய வீராங்கனைகளுக்குப் பாராட்டு. மூன்றரைக்கு வெளியே இருநூறு மீட்டர் இறுதி ஓட்டம், ஜெயிப்பவள் தேசியப் போட்டிக்குப் போவாள்.

மூன்று ஐந்துக்கு, பாராட்டு நடந்துகொண்டிருக்கும்போதே, சலீமா அரங்குக்குள் கேமராவைப் பையில் போட்டு மூடி வெளியே கிளம்பினார். வெற்றிவேல் கதவருகில் மறித்தார். சிறப்பு விருந்தினர் பொன்னாடை போர்த்தும்போது போட்டோகிராபர் வெளியே போவதா என்று முகம் சிவக்கக் கேட்டார். உள்ளே பத்திரிகைக்காரர்கள் இரண்டு பேர் படம் எடுத்துக்கொண்டிருந்ததைச் சலீமா காட்டினார்.

"பொன்னாடைய இன்னொரு தரம் போத்திக்கலாம் சார். ரேஸ இன்னொரு தரம் ஓட முடியாது."

வெற்றிவேலின் பதிலுக்கு அவர் நிற்கவில்லை. வேப்பமர நிழலில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பையின் மேல் துளித்துளியாக நீர் கோத்து வழிந்தது. அது முழுக்கக் காய்ந்த பிறகே ஜிப்பைத் திறந்தார். லென்ஸ் பளிச்சென்று இருந்தது. எல்லைக்கோட்டுக்கு நேர் பக்கவாட்டில் போய் நின்றுகொண்டார்.

ஓட்டம் தொடங்கும் நேரத்தில்தான் அந்த இரண்டு பேரும் அரங்கிலிருந்து ஓடி வந்தார்கள். ஒருவர் லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தார். மற்றவர் பதற்றத்தில் கழற்றியே விட்டார், ஆவி கேமராவுக்குள்ளும் போனது. விசில் ஒலித்தது.

நாலாம் பாதையில் ஓடியவள் போன வருஷம் ஜெயித்தவள். ஏழாம் பாதையில் வைத்திக்குப்பத்து மீனவர் வீட்டுப் பெண் அன்புசெல்வி. வளைவு முடிந்தபோது நாலாம் பாதை ஒரு அடி முன்னால். கடைசி முப்பது மீட்டரில் அன்புசெல்வி பாய்ந்து வந்தாள். இருவரும் ஒன்றாகக் கோட்டைத் தாண்டினார்கள். சலீமாவின் விரல் பட்டனிலிருந்து எழவே இல்லை.

நடுவர்கள் நாலாம் பாதைக்கு முதலிடம் என்றார்கள். அன்புசெல்வியின் பயிற்சியாளர் குமாரவேல் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தார். இருவருக்கும் நேரம் குறித்த இரண்டு கடிகாரமும் ஒரே நேரம் காட்டின. யாரிடமாவது படம் இருக்கிறதா என்று கேட்டார்கள். பத்திரிகைக்காரர்களிடம் இருந்தது வெறும் வெள்ளை மூட்டம்.

சலீமா மெமரி கார்டைக் கொடுத்தார். மூன்று நடுவர்களும் மடிக்கணினியைச் சுற்றி நின்றார்கள். ஒன்பது படங்களில் ஐந்தாவதில் எல்லாம் தெரிந்தது. நாலாம் பாதைக்காரி கையை நீட்டியிருந்தாள். கை கோட்டைத் தாண்டியிருந்தது, மார்பு தாண்டவில்லை. நடுவர்கள் கண்ணை அந்தக் கைதான் ஏமாற்றியிருந்தது. அன்புசெல்வியின் மார்பு கோட்டின் மேலேயே இருந்தது. ஓட்டத்தில் கணக்கு மார்புக்குத்தான்.

நாலாம் பாதைப் பெண்ணும் வந்து பார்த்தாள். பிறகு போய் அன்புசெல்வியின் கையைக் குலுக்கினாள். ஒலிபெருக்கியில் முடிவைத் திருத்திச் சொன்னபோது எழுந்த சத்தத்தில் மரத்துக் காக்கைகள் எல்லாம் பறந்தன. தேசியப் போட்டிக்குப் புதுச்சேரியிலிருந்து அன்புசெல்வி போகிறாள் என்று வெற்றிவேலே மைக்கில் அறிவித்தார். இறங்கி வந்து, அடுத்த வருஷமும் எல்லைக்கோட்டில் நீங்கதான் நிக்கணும் மேடம் என்று சலீமாவிடம் சொன்னார். லென்ஸில் எப்படி ஆவி படியவில்லை என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டார்கள். சலீமா ஒளிக்காமல் சொல்லிக் கொடுத்தார், ஆளுக்கொரு ஜிப் பையும் கொடுத்தார்.

அன்புசெல்வியின் அம்மா கன்னியம்மாள் மீன் விற்று முடித்து நேராக மைதானத்துக்கு வந்திருந்தார். கூடையைக் கீழே வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, படத்துக்கு அருகே குனிந்தார். மகளின் வாய் திறந்திருந்தது, கழுத்து நரம்பு புடைத்திருந்தது, காலுக்கும் தரைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது.

"இவ்ளோ வேகமாவா ஓடுறா இவ," என்றார். பிறகு சலீமாவைப் பார்த்து, "இத பெருசா போட்டுக் குடு தங்கச்சி. எங்கூட்டுச் செவுரு அளவுக்கு."

அந்த வாரமே சலீமா போட்டுக் கொடுத்தார். வீட்டில் சுவர் போதவில்லை. படத்தைக் கதவுக்கு வெளியே, தெரு பார்க்க மாட்டினார்கள்.