காரணம் எழுதும் கட்டம்

பதிவு அலுவலகத்தின் வாசலில் நிற்கும் அவளை எல்லோரும் டோக்கன் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வயது நாற்பத்தேழு. நீலச் சட்டை, ஒரு சுற்று பெரிதான பெல்ட், கால் ஆடும் மேசை, அதன் மேல் இரண்டு டோக்கன் கட்டுகள். நீல டோக்கன் வாங்கினால் கூடத்துக்குள் போகலாம். அங்கே நாற்காலி உண்டு, அறையைச் சூடாக்கும் இயந்திரம் உண்டு, குழந்தைகளுக்கு ஒரு பெட்டி நிறையப் பொம்மைகள் உண்டு. மஞ்சள் டோக்கன் வாங்கினால் வெளியே சுவரோரம் நிற்க வேண்டும். தலைக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. காற்று அடித்தால் அதில் தேங்கிய தண்ணீர் யாராவது ஒருவர் தலையில் கொட்டும்.

அதற்கு முன்பு பதினான்கு வருஷம் ஒரு சினிமா தியேட்டரில் டிக்கெட் கிழித்தவள். வருகிறவரின் நடையையும் செருப்பையும் பார்த்தே பால்கனியா தரையா என்று சொல்லிவிடுவாள். பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும். தியேட்டரை மூடியதும் இந்த ஒப்பந்த வேலை கிடைத்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். இங்கும் அதே திறமைதான் அவளைக் காப்பாற்றியது. காகிதங்களைச் சரிபார்ப்பது ஜன்னலுக்குள் இருக்கிறவர்களின் வேலை. வாசலில் முகத்தைப் பார், டோக்கனைக் கொடு, அடுத்த ஆள். அவள் இருந்த வாசலில் கூட்டம் ஒருநாளும் தெருவரைக்கும் போனதில்லை என்பதில் மேலதிகாரிக்குத் திருப்தி.

நீல டோக்கன் மலைக்காரர்களுக்கு. மலைக்கு அந்தப் பக்கம் போர் தொடங்கி ஐந்து மாதம் ஆகியிருந்தது. முதல் பேருந்து வந்த அன்று ஊரே கம்பளியோடு போய் நிறுத்தத்தில் நின்றது. மஞ்சள் டோக்கன் கடல்காரர்களுக்கு. அவர்களும் போருக்குத் தப்பி வந்தவர்கள்தான், படகில். ஒன்றரை வருஷம் முன்பு அவர்களைத் தங்கவைக்க ஒரு காலிக் கிடங்கைத் திறக்கப் போவதாகச் செய்தி வந்தபோது, வேண்டாம் என்று இதே ஊர் கையெழுத்து வேட்டை நடத்தியது. லிஃப்ட் பழுதுபார்க்கும் அவள் கணவனும் அதில் கையெழுத்துப் போட்டான். மலைக்காரர்கள் வந்தபோது தன்னுடைய புதுக் கோட்டைக் கழற்றிக் கொடுத்தவனும் அவன்தான்.

"அதென்ன, அவங்களுக்குக் கையெழுத்து, இவங்களுக்குக் கோட்டு?" என்று ஒருநாள் சாப்பிடும்போது கேட்டாள்.

"இவங்களப் பாத்தா நம்ம வீட்டு ஆளு மாதிரி இருக்குடி."

"அப்ப அவங்க?"

"அவங்களும் மனுசங்கதான். யாரு இல்லன்னா? நீ எதுக்கு இப்ப என்னை நோண்டுற?"

அவன் பொய் சொல்லவில்லை. இரக்கம் அவனிடம் இருந்தது. பழகிய முகத்தைக் கண்டால்தான் அது எழுந்து வந்தது. முகம் பார்த்து டோக்கன் கிழிக்கும் அவளுடைய கை மட்டும் வேறெப்படி இருந்தது?

மலைக்காரர்களுக்கான சிறப்புப் பதிவு மாதக் கடைசியில், மாலை ஐந்து மணிக்கு முடிவதாக இருந்தது. அதற்குள் பதிந்தவர்களுக்கு அன்றே அட்டை. அட்டை இருந்தால் மறுநாளே வேலைக்குப் போகலாம். பதியாதவர்கள் மஞ்சள் பட்டியலில் சேர வேண்டும். அதில் இரண்டு வருஷம் காத்திருந்தும் அட்டை காணாதவர்கள் இருந்தார்கள்.

முடிய மூன்று நாள் இருந்தபோது, தோளில் பை மாட்டிய, கறுத்து மெலிந்த பெண் ஒருத்தி மேசைக்கு முன் வந்து நின்றாள்.

"அக்கா, நான் மலைக்கு அந்தப் பக்கத்துல இருந்து வரேன்."

டோக்கன் அக்கா சிரித்துவிட்டாள். நீல டோக்கனின் மகிமை தெரிந்த நாளிலிருந்து சுவரோரத்தில் இதைச் சொல்லிப் பார்க்காத ஆளே இல்லை.

"எல்லாரும் அங்கேருந்துதாம்மா வராங்க. இந்தா, நூத்துப் பதினெட்டு. சுவரோரமா நில்லு."

"பேப்பர் இருக்குக்கா, பாருங்க..."

"ஜன்னல்ல காட்டு. அடுத்த ஆளு!"

மஞ்சள் டோக்கனில் ஒரு நாளைக்கு நாற்பது பேர். நூற்றுப் பதினெட்டு என்றால் மூன்றாவது நாள் சாயங்காலம். அந்தப் பெண் மூன்று நாளும் நின்றாள். அவளுக்கு முன்னால் நின்றவர் ஒரு தையல்காரர், வயதானவர், படகில் வந்தவர். ஒன்றரை வருஷம் அந்தச் சுவரோரத்தில் நின்றே ஊர் மொழியைக் கற்றுக்கொண்டவர். அவள் பல் மருத்துவம் படிக்கிறாள் என்று தெரிந்ததும் அவளுக்கு 'பல் டாக்டர்' என்று பெயர் வைத்துவிட்டார்.

"டாக்டரம்மா, எனக்கு மூணு பல்லுதான் மிச்சம். உங்க அட்டை வர்றதுக்குள்ள அதுவும் போயிடும். அப்புறம் உங்களுக்கு என்கிட்ட வேலை இல்ல."

மூன்றாம் நாள் நாலு முப்பத்தைந்துக்குப் பல் டாக்டர் ஜன்னலை அடைந்தாள். ஐந்து நிமிஷம் கழித்து ஜன்னல் எழுத்தர் தலையை வெளியே நீட்டிக் கத்தினார்.

"டோக்கன் அக்கா! இங்க வாங்க! என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

அவர் கையில் கல்லூரிச் சான்று இருந்தது. விடுதி ரசீதும், எல்லையில் குத்திய முத்திரையும் இருந்தன. அந்தப் பெண் பிறந்தது கடலுக்கு அப்பால். நாலு வருஷம் முன்பு படிக்கப் போனது மலைக்கு அந்தப் பக்கம். குண்டு விழுந்தபோது இருந்தது அங்கேதான். மற்ற மலைக்காரர்கள் நடந்த அதே பாதையில் மூன்று நாள் நடந்து வந்திருக்கிறாள். போர் தொடங்கிய நாளில் அங்கே வசித்தவர்கள் என்றுதான் உத்தரவு சொன்னது. பிறந்த இடம் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை, முகம் பற்றியும் இல்லை.

"முதல் நாளே பத்து நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். இப்ப சார்கிட்டதான் போகணும். போங்க, ஓடுங்க" என்றார் எழுத்தர்.

டோக்கன் அக்கா ஓடவில்லை. கழிப்பறைக்குப் போய்க் கை கழுவினாள். வெளியே வந்து, கழுவியது போதாதது போல மறுபடியும் உள்ளே போனாள். அடுத்த வாரம் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். வாசலில் தவறு என்று ஒரு காகிதம் போனால் போதும், அந்த மேசையில் வேறொருத்தி நிற்பாள். நாலு நாற்பத்தாறுக்கு அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு மாடி ஏறினாள்.

மேலதிகாரி கெட்டவர் இல்லை. காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரு படிவத்தை நகர்த்தினார்.

"வாசல்ல நடந்த பிழைன்னு நீங்க எழுதிக் குடுத்தா, நான் இப்பவே கையெழுத்துப் போட்டு உள்ளே அனுப்பிடுவேன். காரணம்ங்கிற கட்டத்தை மட்டும் காலியா விட்டுடாதீங்க."

படிவத்தில் அந்தக் கட்டம் இரண்டு விரல் அகலம் இருந்தது. அவள் நின்றபடியே எழுதினாள். எழுதி முடித்துக் கொடுத்ததும் அவர் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

"'முகத்தைப் பார்த்து அனுப்பினேன்.' என்னம்மா இது?"

"அதான் சார் நடந்தது. பேப்பர நீட்டினா. நான் வாங்கல."

"நடந்தது சரி. இதை நான் மேல அனுப்ப முடியுமா? விசாரணை வைப்பாங்க. எத்தனை பேரை இப்படி அனுப்பினீங்கன்னு ஆரம்பிச்சு, யார் சொல்லி அனுப்பினீங்கன்னு என்கிட்ட வந்து நிப்பாங்க. அது முடியறவரைக்கும் இந்தப் பொண்ணோட ஃபைலும் நகராது."

"எனக்கு வேலை போனாப் போகட்டும் சார்."

"உங்க வேலையை யாரு பேசினா? மணி நாலு ஐம்பத்தொண்ணு. கூட்டம்னு எழுதுங்க. கூட்ட நெரிசல்ல டோக்கன் மாறிடுச்சு. முடிஞ்சுது."

"அன்னிக்குக் கூட்டமே இல்ல சார்."

அவர் இன்னொரு படிவத்தை எடுத்து முன்னால் வைத்தார்.

அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உண்மையை எழுதினால் அந்தப் பெண்ணுக்கு அட்டை இல்லை. பொய்யை எழுதினால் யாருக்கும் ஒரு குறையும் வராது, அவளுக்கும்கூட. இந்தக் கடைசி விஷயம்தான் அவளைக் குத்தியது. தண்டனை கிடைத்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும் போலத் தோன்றியது. அதுவும் சுயநலம்தான் என்று உடனே உறைத்தது.

பல் டாக்டர் முதன்முறையாகக் குரலை உயர்த்தினாள்.

"அக்கா, உங்க மனசு அப்புறம் சரியாகட்டும். கூட்டம்னு எழுதுங்க. நான் வெளிய நிக்கிறவங்கள மாதிரி இல்ல. நான் மலைக்கு அந்தப் பக்கத்து ஆளு. அது மட்டும் தெரிஞ்சாப் போதும்."

சொன்ன பிறகு அவள் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டோக்கன் அக்கா எழுதினாள். கூட்டம். ஒரே வார்த்தை. கட்டத்தில் நிறைய இடம் மிச்சம் இருந்தது.

ஐந்து மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது கூடத்தில் முத்திரை விழும் சத்தம் கேட்டது. அந்தப் பெண் அட்டையைப் பையில் வைத்து, பையை இறுக்கிப் பிடித்து, பக்கத்து வாசல் வழியாக வெளியே போனாள். நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டிய காரணமும் இல்லை. அவளுக்குச் சேர வேண்டியதுதான் மூன்று நாள் தாமதமாக வந்திருந்தது.

முன்வாசலில் சுவரோரம் இருபது பேர் இன்னும் நின்றார்கள். தையல்காரரும் இருந்தார். ஏதோ ஒரு நகல் குறைகிறது என்று அவரை ஜன்னலிலிருந்து திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

"டாக்டரம்மா உள்ள போயிட்டாங்களா?"

"போயிட்டா ஐயா. அட்டை வாங்கிட்டா."

"நல்லது, நல்ல பொண்ணு. எப்படிக் குடுத்தாங்க?"

"தப்பா வெளிய நிக்கவச்சிட்டோம்னு எழுதிக் குடுத்தேன்."

அவர் தலையாட்டினார். பிறகு, ஒரு சட்டையின் அளவைச் சரிபார்ப்பவர்போல அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்க ஊர்லயும் குண்டுதான் தங்கச்சி விழுந்துது. பூ விழல. அப்ப எங்களை வெளிய நிக்கவச்சது தப்பில்ல, சரியா?"

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். அது ஆடியது. சொல்வதற்கு உத்தரவு இருந்தது, விதி இருந்தது. ஆனால் அந்தப் பெண்ணைச் சரியான வரிசைக்கு மாற்றியதில் இரண்டு வரிசைகளும் இருப்பது சரிதான் என்று தானே எழுதிக் கொடுத்துவிட்டது போல இருந்தது.

"காரணம்னு என்ன எழுதினே?" என்று அவர் விடாமல் கேட்டார்.

"கூட்டம்னு."

தையல்காரர் திரும்பிச் சுவரோரம் நின்ற இருபது பேரையும் பார்த்தார். அவர்களுடைய மொழியில் ஏதோ சொன்னார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஒரு பெண் சிரிக்காமல் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டாள்.

"என்ன ஐயா சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல. நாம கூட்டமாம், கலைஞ்சு போங்கன்னேன்."

யாரும் கலையவில்லை. மறுநாளைக்கான மஞ்சள் டோக்கனை இப்போதே கொடுத்தால் விடியும்முன் வந்து நிற்க வேண்டாம் என்று அவர்களுக்குத் தெரியும். ஐந்து மணிக்கு மேல் டோக்கன் கொடுக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். அவள் பெல்ட்டை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு மஞ்சள் டோக்கன் கட்டைப் பிரித்தாள்.

"பேப்பரக் காட்டுங்க" என்றாள் முதல் ஆளிடம். அவன் பயந்துபோய்த் தையல்காரரைப் பார்த்தான். அவன் இதுவரை இந்த வாசலில் எதையும் காட்டியதில்லை. அவள் கையை நீட்டியபடியே நின்றாள். வாங்கிப் படித்தபின் தன்னிடம் கொடுக்க மஞ்சள் டோக்கனைத் தவிர வேறொன்றும் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.