ரெஜினா டீச்சர் வீட்டில் தங்கிப்போன பாத்திரங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில், நாகல் நகரில் எங்கள் வீட்டு வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. இறங்கியவர் ரெஜினா டீச்சர். கையில் ஜவுளிக்கடைக் கட்டைப் பை. அவர் நடக்க நடக்க அதற்குள்ளிருந்து பாத்திரச் சத்தம் கேட்டது.

"பாத்திரக் கடை எதுவும் போட்டுட்டீங்களா டீச்சர்?" என்றேன்.

"மொதல்ல தண்ணி குடுங்க. உங்க சாமானும் இதுக்குள்ளதான் இருக்கு" என்றார்.

என் சாமானா? நான் எந்தப் பாத்திரத்தையும் அவரிடம் விட்டுவிட்டு வரவில்லையே… யோசித்தபடியே தண்ணீர் எடுக்க உள்ளே போனேன்.

ரெஜினா டீச்சரும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் பல வருஷம் வேலை பார்த்தவர்கள். ரிட்டயர் ஆன பிறகும் ஒருவரை ஒருவர் 'டீச்சர்' என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறோம். கணவர் இறந்த பிறகு அவர் அகரம் பக்கத்தில் தோட்டத்து வீட்டில் தனியாக இருந்து வந்தார். ஒரே மகன் ஜெரோமுக்குக் கோயம்புத்தூரில் வேலை.

அந்தத் தோட்டத்து வீடு போன பங்குனியில் எரிந்துபோனது.

காட்டுத் தீ என்றால் மலையில் வருவது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கோடையில் சிறுமலைப் பக்கம் சிவப்பாக ஒரு கோடு தெரியுமே… அதைப் பார்த்து 'அடடா' சொல்லிவிட்டு டி.வி. பார்க்கப் போய்விடுவோம். ஆனால் சமவெளியிலும் வருகிறது. டீச்சர் வீட்டை ஒட்டினாற்போல் பிளாட் போட்ட நிலம். கல் ஊன்றி, வாசலில் வளைவு வைத்து, கலர் கலராகக் கொடி கட்டினார்கள். வீடு மட்டும் யாரும் கட்டவில்லை. கட்டாத இடத்தில் புல் ஆளுயரம் வளர்ந்து, வெயிலில் காய்ந்து நின்றது.

எங்கிருந்தோ ஒரு பொறி. மத்தியானக் காற்று. புல்லில் பிடித்த தீ வேலிக்கு வந்து, விறகுக் கொட்டகைக்குத் தாவி, அங்கிருந்து ஓட்டு வீட்டின் உத்தரத்தைப் பிடித்துக்கொண்டது. டீச்சர் போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடி வந்தார். மூக்குக் கண்ணாடிகூட உள்ளேயே போய்விட்டது. தீயணைப்பு வண்டி வந்து அணைத்தபோது சுவர்கள் மட்டும் நின்றன.

மறுநாள் காலையில் நான் போனபோது அங்கே ஒரு கூட்டமே இருந்தது. துக்க வீட்டுக்கு வந்த மாதிரி நாலு பெண்கள் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். இன்னொரு பக்கம் சொந்தக்காரர்கள் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, விளக்குமாறும் கையுமாகத் தயாராக நின்றார்கள். கரியைக் கண்ணால் பார்க்கச் சகிக்கவில்லையாம், கூட்டி அள்ளிவிடலாம் என்று கிளம்பிவிட்டார்கள்.

"யாரும் வெளக்கமாத்தத் தொடாதீங்க" என்று ஒரு குரல். வகுப்பில் கேட்ட அதே குரல்தான். இரவல் சேலையில், கலைந்த தலையோடு டீச்சர் நின்றுகொண்டிருந்தார். "வி.ஏ.ஓ. வந்து பாக்கணும். அதுவரைக்கும் எது எங்க கெடக்கோ அங்கயே கெடக்கட்டும். எல்லாரும் போன் வச்சிருக்கீங்கல்ல? சும்மா அழுதுக்கிட்டு நிக்காம ரூம் ரூமா போட்டோ எடுங்க. வாசல்ல நின்னு எடுங்க, உள்ள போகாதீங்க, ஓடு விழும்."

வீடு எரிந்தது இவருக்கா, எங்களுக்கா?

அழ வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை கிடைத்தது. ஒருவர் மின்வாரியத்துக்குப் போய் லைனைத் துண்டிக்கச் சொல்ல வேண்டும். ஒருவர் கேஸ் ஏஜென்சிக்கு. போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்து ரசீது வாங்க ஒருவர், தீயணைப்பு நிலையத்தில் சான்று கேட்க ஒருவர். அந்த இரண்டு தாளும் இல்லாவிட்டால் பின்னால் எந்த ஆபீசிலும் நம்மை உட்காரக்கூடச் சொல்ல மாட்டார்கள்.

வாசகர்களே, யாருக்கும் இது தேவைப்பட வேண்டாம். இருந்தாலும் இந்த இடத்தைக் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள் – வீட்டுக்குள் வேண்டாம், போனில் படமாக. டீச்சரின் இரும்பு பீரோ கருகி நின்றது. "உள்ள பத்திரம் இருக்கு, தொறந்து பாப்போம்" என்று ஓர் உறவினர் கடப்பாரையோடு போனார். டீச்சர் விடவில்லை. பீரோ நன்றாக ஆறும் முன்னால் திறந்தால், உள்ளே கனன்றுகொண்டிருப்பது காற்றுப் பட்டதும் குப்பென்று பிடித்துவிடுமாம். சயின்ஸ் டீச்சர் அல்லவா? பொறுத்துத் திறந்தார்கள். பத்திரத்தின் ஓரங்கள்தான் கருகியிருந்தன. நம்பர் தெரிந்ததால் பதிவு அலுவலகத்தில் நகல் வாங்குவது சுலபமாயிற்று. ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் இ-சேவை மையத்தில் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். அதற்கு முன்னால் வாங்க வேண்டியவை பிரஷர் மாத்திரையும் மூக்குக் கண்ணாடியும். இரண்டும் இல்லாமல் எந்த ஆபீசில் போய் எதைப் படித்துக் கையெழுத்துப் போடுவது?

இன்னொன்று. வீடு எரிந்தவருக்கு எல்லோரும் சேலை கொண்டு போகிறார்கள். டீச்சருக்குச் சேலை குவிந்துவிட்டது. ஜாக்கெட், உள்பாவாடை? யாருக்கும் தோன்றவில்லை. நைட்டி, துண்டு, சீப்பு, செருப்பு, போன் சார்ஜர்… இவற்றைக் கொண்டு போங்கள். கும்பிடுவார்கள்.

சேலைக்கு அடுத்தபடியாக வந்தது சாப்பாடு. பக்கத்து வீட்டு முன்அறையில் டீச்சர் தங்கியிருந்தார். அகரத்து ஜனங்கள் வேளை தவறாமல் சோறும் குழம்பும் வெஞ்சனமுமாகக் கொண்டுவந்தார்கள். தூக்குவாளி, குண்டான், டிபன் கேரியர் – எல்லாவற்றிலும் கொண்டுவந்தவர்களின் பேர் வெட்டியிருந்தது. கல்யாணச் சீராக வந்த பாத்திரங்கள் சில. ஒரு குண்டானில் 'பழனியாண்டவர் துணை' என்றே இருந்தது. அதில் வந்த சாம்பாருக்கு டீச்சர் சிலுவை போட்டு ஜெபம் சொல்லிவிட்டுச் சாப்பிட்டார்.

நானும் கொண்டு போனேன். எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்குப் பொரியல். ஆனால் எவர்சில்வரில் அல்ல. பிரியாணிக் கடையில் பார்சல் தருகிற வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவில். பாவம், வீடு இழந்து நிற்கிறவருக்குப் பாத்திரம் கழுவித் திருப்பித் தருகிற வேலை வேறா? தூக்கிப் போட்டுவிடட்டும் என்று நினைத்தேன். என் சமயோசிதத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

நிவாரணம் வந்தது, ஜெரோமும் பணம் போட்டான். இன்ஜினியர் பார்த்துச் சுவர் தாங்கும் என்று சொன்ன பிறகு, ஓர் அறைக்கு மட்டும் தகரம் போட்டு டீச்சர் உள்ளே போய்விட்டார். வேலியோரம் சுற்றிலும் அகலமாக உழுது போட்டார், அடுத்த முறை புல் எரிந்தாலும் தீ அதைத் தாண்டாது.

வைகாசியில் ஒருநாள் நான் போயிருந்தபோது ஜெரோம் காரோடு வந்திருந்தான்.

"போதும்மா. எங்கூட கோயம்புத்தூருக்குக் கெளம்புங்க. திரும்ப ஒரு தடவ இப்பிடி ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? அன்னைக்கு நீங்க தூங்கிட்டு இருந்திருந்தா…"

அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே.

டீச்சர் மூலையைக் காட்டினார். தகர அறையில் கட்டில் போக மீதி இடமெல்லாம் பாத்திரம்தான். தேய்த்துத் துடைத்து அடுக்கியிருந்தார். "ஊரார் சாமான் கெடக்குய்யா. குடுக்காம எப்பிடி வாரது?"

"கார்ல வச்சு ஒரே ரவுண்டுல குடுத்துடறேன்."

"வெறும் பாத்திரத்தையா?"

சோறு வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது. கைப்பிடி சர்க்கரையாவது போட்டுக் கொடுக்க வேண்டும். நம் வீடுகளில் யாரும் சொல்லிக் கொடுக்காமலே வருகிற பழக்கம் அது.

"பிஸ்கட் பாக்கெட் வாங்கிப் போடுவோம்" என்றான் ஜெரோம்.

"கடையில வாங்கிப் போட்டா அது நம்ம வீட்டுது ஆகுமா? எங்கிட்ட எப்ப இருக்கோ அப்பத்தான் குடுக்க முடியும். அதுக்கப்புறம் நீ சொல்றதக் கேக்குறேன்."

சமையல்கட்டுக்குப் பின்னால் ஒரு முருங்கை மரம் இருந்தது. தீயில் அதுவும் கரிக்கட்டை. வேரோடு எடுத்துவிடச் சொன்னார்கள். டீச்சர் மார்பளவில் வெட்டி, வெட்டிய தலையில் சாணியை அப்பி, பாத்திரம் கழுவுகிற தண்ணீரையெல்லாம் அதற்கே விட்டுவந்தார். யாருடைய பாத்திரம்? ஊரார் பாத்திரம்.

இதெல்லாம் மனதில் ஓட, தண்ணீர்ச் செம்போடு வெளியே வந்தேன். டீச்சர் கட்டைப் பையைத் திறந்து வைத்திருந்தார். உள்ளே இரண்டு மூன்று தூக்குவாளிகள், எல்லாவற்றிலும் இளம் முருங்கைக் கீரை. நாகல் நகரிலிருந்து அப்போது சோறு கொண்டு போன பழைய சக டீச்சர்களுக்கு. நடுவிலிருந்து ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார்.

அந்த வெள்ளை பிளாஸ்டிக் டப்பா. மூடியில் ஒரு விரிசல். உள்ளே கீரை, ஆய்ந்து சுத்தம் பண்ணியது.

"இதப் போயி பத்திரமா வச்சிருந்தீங்களா? தூக்கிப் போடுறதுக்குத்தான டீச்சர் குடுத்தேன்."

"தெரியும்." அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "அம்புட்டுப் பேரும் பேர் வெட்டின பாத்திரத்துல குடுத்தாங்க. நீங்க மட்டும்தான் இதுல குடுத்தீங்க. ஏன் டீச்சர், இவளால இனி திருப்பித் தர முடியாதுன்னு நெனச்சிட்டீங்களா?"

டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நான் கருணை என்று நினைத்துக் கொடுத்ததில் அவருக்கு என்ன கேட்டிருக்கிறது, பாருங்கள். அகரத்துப் பெண்கள் ஒருவரும் அதை யோசித்துச் செய்திருக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் கொடுத்த ஒவ்வொரு தூக்குவாளியும், 'நீ மறுபடி அடுப்பு மூட்டுவாய், இதை நிரப்பிக்கொண்டு என் வீட்டுக்கு வருவாய்' என்று அவரிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. கரிக்குவியலுக்கு நடுவில் நின்றவர் அதை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நினைக்க நினைக்க எனக்கு மலைப்பாக இருக்கிறது.

"இன்னும் எத்தனை பாத்திரம் பாக்கி டீச்சர்?" என்று கேட்டேன்.

"கெடக்கு. மரம் துளுக்கத் துளுக்கத்தான குடுக்க முடியும்? ஜெரோம் வாராவாரம் கேக்குறான். எல்லாத்தையும் குடுத்து முடிச்சிட்டா அவனுக்குச் சொல்ல எங்கிட்ட வேற பதில் இல்ல" என்றவர், சட்டென்று தெருப் பக்கம் பார்த்துக்கொண்டார். "ஆட்டோ நிக்குது. நான் வாரேன்."

"செத்த நேரம் இருங்க" என்று உள்ளே ஓடினேன்.

அன்றைக்கு வைத்த கத்தரிக்காய்க் குழம்பு அடுப்பில் இருந்தது. பரண் மேலிருந்து என் கல்யாணத் தூக்குவாளியை இறக்கினேன். வயிற்றில் என் பேர் பெரிய எழுத்தில் வெட்டியிருக்கும். கழுவி, குழம்பை ஊற்றி, மூடி, கட்டைப் பைக்குள் வைத்தேன்.

டீச்சர் பேரைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இதுக்கும் கீரைதான் வருமாக்கும்."

"அவசரமில்ல டீச்சர். மரம் நல்லாத் தழையட்டும்."

ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றேன்.

அந்தத் தூக்குவாளி மட்டும் சீக்கிரம் திரும்பி வந்துவிடக் கூடாது என்று தினமும் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.