சூசையண்ணனின் சீஸ் டப்பா

மந்தைவெளியில் மீன்காரியிடம் வஞ்சிரத்துக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன். "நீ மீனு வாங்கினது போதும். உங்க சூசையண்ணன் பூட்டாரு, போய்ப் பாரு" என்றாள். ஊரில் ஒருத்தரையும் விடாமல் கேலி செய்கிறவன் நான். பதிலுக்கு என்னை ஏய்க்கிறாள் என்று நினைத்து, "எங்க, ஊட்டிக்கா?" என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. மீனைக் கூடையில் திரும்பப் போட்டேனா, காசு கொடுத்தேனா, எப்படி வீட்டுக்கு வந்தேன், எதுவும் நினைவில்லை.

அடையாற்றுப் பங்களாக்களில் வேலை பார்க்கும் பழைய ஆட்களுக்கு அவரைத் தெரியும். அவருக்காக இன்று இங்கே கூடியிருக்கிற புதியவர்களுக்காகச் சொல்கிறேன். ஆற்றங்கரை பங்களாவில் அவர் இருபது வருஷம் சமையல்காரர். நான் அங்கே தோட்டக்காரன். பின்பக்கத்து வரிசை வீடுகளில் அவர், நான், டிரைவர் காதர்பாய், இன்னும் இரண்டு குடும்பங்கள். வெயில் ஏறினால் துரையும் துரைசானியும் ரெண்டு மாசம் மலைக்கு லீவு போவார்கள். அவர்களுக்கு லீவு என்றால் எங்களுக்கு அரைச் சம்பளம். அதனால் லீவுக்கு எங்களை மாதிரிக் காசு சேர்த்தவன் பட்டணத்தில் கிடையாது. சனிக்கிழமை தோறும் வீட்டுக்குக் கால் ரூபாய். காலி சீஸ் டப்பா ஒன்றில் மூடி போட்டுச் சூசையண்ணன் வைத்திருப்பார். துரையின் ரயில் கிளம்பும்வரை அதை அவர் திறந்ததே இல்லை.

அப்படிப்பட்டவர் ஒரு வருஷம் ரயிலுக்கு முன்பே திறந்தார். அதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

ஒவ்வொரு வருஷமும் கிளம்புமுன் துரைசானி என்னைக் கூப்பிட்டு, ரோஜாத் தொட்டிகளை மாமர நிழலுக்கு மாற்றச் சொல்லுவாள். அந்த வருஷம் சொல்லவில்லை. அதற்குப் பதில் வாசலோரம் புதுப் பாத்தி கட்டி விதை போடச் சொன்னாள். வெயிலில் விதை போட்டுவிட்டு யாராவது ஊருக்குப் போவார்களா? எனக்கு விளங்கிவிட்டது. நேரே சமையலறைப் பின்வாசலுக்குப் போனேன்.

"அண்ணே, இந்த வருசம் மல இல்ல. முழுச் சம்பளம்."

"யாரு சொன்னா?"

"துரைசானியே எங்கிட்ட சொல்லிச்சு."

துரைசானி சொன்னது பாத்தியைப் பற்றித்தான். மற்றது நான் சேர்த்தது. அவர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்து, "அப்ப இந்தக் காச இன்னா செய்றது?" என்றார். "நாமளும் லீவுக்குப் போவோம்ணே" என்றேன். கேலியாகத்தான் சொன்னேன். அவர் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்று மாலையே எல்லோரையும் கூட்டி, மலை இல்லை, டப்பாவைத் திறக்கலாம் என்று சொல்லிவிட்டார். யார் சொன்ன சேதி என்று ஒருவரும் கேட்கவில்லை. சமையல்காரர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்.

துரையிடம் மூன்று நாள் கேட்டு வாங்கினோம். கால்வாய்ப் படகு ஒன்று பேசிக்கொண்டு குடும்பம் குடும்பமாகக் கோவளம் போனோம். இறங்கிய பிறகுதான் லீவில் என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்குத் தெரியாதது தெரிந்தது.

"சூசை, நீ ஒருவாட்டி அவங்களோட ஊட்டிக்குப் போனவன். லீவுல இன்னா பண்ணுவாங்க?" என்றார் காதர்பாய்.

"நடப்பாங்க பாய். காலைல ஒரு நட, சாயங்காலம் ஒரு நட."

"எங்க?"

"எங்கியும் இல்ல. போய்ட்டுத் திரும்பி வருவாங்க."

நாங்களும் மணலில் வரிசையாக நடந்தோம், திரும்பி வந்தோம். வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள், "இன்னாங்க, எதனா தொலச்சிட்டீங்களா?" என்று கேட்டார்கள். சூசையண்ணன் அன்று சிரித்த சிரிப்பை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

ஊர் திரும்பிய மறுநாள் பங்களா வராந்தாவில் பெட்டிகள் அடுக்கியிருந்தன. துரை மலைக்குக் கிளம்புகிறார். அந்தப் பாத்தி எதற்கு என்றால், திரும்பி வரும்போது வாசலில் பூ இருக்க வேண்டுமாம்.

காதர்பாய் சமையலறை வாசலில் நின்று கத்தினார். "உன் பேச்ச நம்பிக் கெட்டோம்யா. அஞ்சு புள்ளைங்க கீது எனக்கு. ரெண்டு மாசம் இன்னாத்த துன்றது?"

நான் பூவாளியோடு பக்கத்தில்தான் நின்றேன். ஓயாத வாய் என்னுடையது. அன்று அது திறக்கவில்லை. சூசையண்ணன் என் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு, "என் புத்திதான் தப்பு பாய். அவசரப்பட்டுட்டேன்" என்றார்.

அந்த இரண்டு மாசத்தை நாங்கள் தாண்டியது சீஸால். கெட்டுப்போகும் என்று துரைசானி அவரிடம் கொடுத்துவிட்டுப் போன, சிவப்பு மெழுகு பூசிய சீஸ் உருண்டைகள் இரண்டு. ஐந்து வீட்டு நொய்யையும் ஒரே பானையில் போட்டுக் கஞ்சி காய்ச்சி, பச்சை மிளகாயும் வெங்காயமும் நறுக்கிப் போட்டு, கடைசியில் சீஸைச் சுரண்டித் தூவுவார். முதல் நாள் என் பெண்சாதி முனியம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னாண்ணே, எலி கிலி செத்துப் போச்சா?" என்றாள். மூன்றாம் நாள் இரண்டாவது கிண்ணம் கேட்டாள். காய்ச்சலில் கிடந்த காதர்பாயின் கடைசிப் பிள்ளைக்கு அந்தக் கஞ்சி ஒன்றுதான் வயிற்றில் நின்றது. நான் கரண்டியை விட்டுக் கிண்டப் போனால் தடுப்பார். "கலக்காத. கலக்கினா கட்டி தட்டிப் போவும். மேல போட்டு மூடிட்டு சும்மா இரு, தானே எறங்கும்." ஒருவரும் பட்டினி கிடக்கவில்லை. ஆனால் எங்களுக்கெல்லாம் ஊற்றிவிட்டு அவர் உட்காரும்போது, பானையில் கஞ்சி இருந்ததா என்று நான் எட்டிப் பார்த்ததில்லை.

மழைக்காலத்தில் மறுபடி காசு சேர்க்க ஆரம்பித்தபோது, சூசையிடம் இனி டப்பா வேண்டாம் என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். யாரிடம் கொடுத்தார்கள் தெரியுமா? என்னிடம். ஏழு வருஷமாக அது என் வீட்டுப் பரணில் இருந்தது. சனிக்கிழமை தோறும் சூசையண்ணன் வந்து என் உள்ளங்கையில் கால் ரூபாயை வைப்பார். "பத்திரம் நைனா" என்பார். அவ்வளவுதான். குத்திக் காட்டினாரா, உண்மையாகவே சொன்னாரா என்று எனக்குப் புரியவில்லை. ஒருமுறை துணிந்து, "அண்ணே, அன்னிக்கு ஏன் எம்பேரச் சொல்லல?" என்று கேட்டேன். "கஞ்சி ஆறுது, குடி" என்றார். மன்னித்தாரா, மறந்தாரா, நானாகச் சொல்வேன் என்று மூடிவைத்துக் காத்திருந்தாரா? எப்படிப் போட்டுப் பார்த்தாலும் விடை வரவில்லை. இனி கேட்கவும் ஆள் இல்லை.

காதர்பாய், இது உங்களுக்கு. மலை இல்லை என்று சொன்னவன் நான். அவர் என்னை நம்பினார், அது ஒன்றுதான் அவர் செய்த தப்பு. டப்பாவை நேற்று உங்கள் வீட்டில் கொடுத்துவிட்டேன். என்னிடம் இருப்பது அந்தக் கஞ்சியின் பக்குவம், சனிக்கிழமைகளில் அவர் காசு வைத்த இந்த உள்ளங்கை, இரண்டும்தான்.

இன்று காலை துரைசானி ரோஜாத் தொட்டிகளை நிழலுக்கு மாற்றச் சொன்னாள். மாற்றிவிட்டேன். அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் என்னைக் கேட்காதீர்கள்.