ஐம்பத்து நான்கு நொடியில் ஒரு நிமிடம்

கணவனை இழந்த ஒரு பெண்ணிடம், அவள் தன் கணவனின் குரலையே மறந்துவிட்டாள் என்று சொன்னேன். அது பொய். அவள் மறக்கவில்லை. பொய் என்பது அன்று மாலையே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் ஆறு ஆண்டுகள் வாய் திறக்கவில்லை.

இதைப் படிக்கும் நீங்கள் என்னை மன்னிக்க வேண்டியதில்லை. கேட்டால் போதும்.

நான் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். நாமக்கல்லில், என் வீட்டு முன்னறையில், பழைய கேசட் டெக்குகளைப் பழுது பார்க்கிறேன். பிழைப்புக்காக அல்ல, ஆசைக்காக. உள்ளே ரப்பர் பெல்ட் உருகிப் பிசினாக ஒட்டியிருக்கும். அதைத் துடைத்தெடுத்து, புதியதை மாட்டி, பல ஆண்டுகள் ஊமையாகக் கிடந்த பெட்டி வாய் திறக்கும்போது... அந்த இன்பத்தை எப்படிச் சொல்வேன்!

பழனியம்மாள் சேந்தமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து, டெக்கைப் பழைய சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். கணவர் லாரி ஓட்டியவர், மாரடைப்பில் இறந்துவிட்டார். டெக் வாங்கிய அன்று அவர் அதில் பேசிப் பதிந்த ஒரே ஒரு கேசட் இருந்தது.

"கடைசியில, நீ சாப்புட்டயா புள்ளன்னு கேப்பாருங்க சார். சாப்புட்டனுங்கன்னு சொல்லிப்போட்டுத்தான் வட்டலையே கழுவுவேன். நீங்க சிரிக்கப்படாது." பிறகு குரல் தாழ்த்திச் சொன்னாள்: "நாலு மாசமா அவரு கேக்கறதே இல்லீங்க."

நான் சிரிக்கவில்லை. பெல்ட்டை மாற்றினேன். மோட்டாரின் வேகத்தை, எல்லா டெக்குகளுக்கும் உரிய சரியான அளவில் நிறுத்தினேன். அப்பழுக்கில்லாத வேலை! அவள் அதைத் திரும்ப வாங்க வந்த அன்று பெருமையோடு பொத்தானை அழுத்தினேன்.

அவள் முகம் வாடிவிட்டது.

"இது ஆருங்க சார்?"

"உங்க வீட்டுக்காரர்தான்."

"எங்கூட்டுக்காரரு இத்தன அவசரமாப் பேசமாட்டாருங்க. கொரலு கனமா இருக்கும். இது ஆரோ எளவட்டமாட்டம் கீச்சுக்கீச்சுங்குது. இந்த ஆளுக்கு நான் எப்படிங்க பதில் சொல்றது?"

அப்போதுதான் சொன்னேன். "அம்மணி, மெஷின் இப்பத்தான் சரியா ஓடுது. உங்களுக்குத்தான் குரல் மறந்துபோச்சு."

அவள் டெக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "வாத்தியாரு சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்" என்றாள். வாசலில் செருப்பை மாட்டும்போது, தனக்குத்தானே, "மறந்துட்டனா..." என்றது என் காதில் விழுந்தது.

மனம் உறுத்தியது. சோதனைக்காக நான் எடுத்து வைத்திருந்த பிரதியை மாலையில் ஓடவிட்டேன். அவர் பேச்சுக்குப் பின்னால், அவர்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் டிக், டிக் என்று கேட்டது. என் கைக்கடிகாரத்தை வைத்து எண்ணினேன். ஒரு நிமிடத்துக்கு உரிய அறுபது டிக் ஐம்பத்து நான்கு நொடியில் முடிந்தது.

விளங்கியதா உங்களுக்கு? அந்த டெக் வாங்கிய நாளிலிருந்தே மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததை அதே மெதுவில் ஓட்டினால், மனிதர் மனிதராகவே பேசுவார். நான் 'சரி' செய்ததால்தான் அவர் வேறு ஆளானார். பள்ளிப் பிள்ளைக்கும் புரியும் கணக்கு!

மறுநாளே பஸ் ஏறியிருக்கலாம். ஏன் போகவில்லை?

படித்தவனின் கர்வம் என்று பல காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் முழு உண்மையல்ல. பொறாமை... ஆம், பொறாமைதான்.

என் மனைவி கமலம் இறந்து பத்து ஆண்டுகளாகின்றன. பதினோரு டெக்குகள் உள்ள இந்த வீட்டில் அவள் குரல் ஒரு கேசட்டிலும் இல்லை. நான் பதிந்து சோதிக்கும்போதெல்லாம், அவள் அறைக்குள் வந்தால் உதட்டில் விரல் வைப்பேன். அவளும் பேசாமல் காப்பியை வைத்துவிட்டுப் போவாள். ஒரே ஒரு நாடாவில், 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று நான் எண்ணுவதற்கு நடுவில், மேசைமேல் டம்ளர் வைக்கப்படும் ஓசை மட்டும் இருக்கிறது.

என் கமலம் அவ்வளவுதான். ஒரு 'ணங்'.

பழனியம்மாளுக்கோ, சாப்பிட்டாயா என்று கேட்க ஒரு குரல் இருந்தது! எனக்கு இல்லாதது அவளுக்கு மட்டும் எதற்கு என்று என்னுள் ஏதோ ஒன்று நினைத்திருக்கிறது. இதை எழுதக் கை கூசுகிறது.

சென்ற ஆண்டு என் சொந்த டெக்கின் பெல்ட் அறுந்தது. புதியதை மாட்டி ஓடவிட்டேன். டம்ளர் ஓசை மாறிவிட்டது! அது கமலம் வைத்த டம்ளர் இல்லை. மூன்று நாள், பைத்தியம் போல, மோட்டாரின் வேகத் திருகாணியை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி அந்தப் பழைய 'ணங்'கைத் தேடினேன். கிடைத்தபோது தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிறகுதான் சேந்தமங்கலம் பஸ் ஏறினேன்.

பழனியம்மாள் கோழிகளுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். "வாங்க சார், மோர் குடிங்க" என்றாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், பொறாமை உட்பட. அவள் டெக்கைக் காட்டினாள்.

கைக்கடிகாரத்தைப் பார்த்து, அறுபது டிக் அறுபது நொடியாகும் வரை மோட்டாரின் வேகத்தைக் குறைத்தேன். பிறகு நாடாவை முதலிலிருந்து விட்டேன். கனத்த, நிதானமான குரல் ஒன்று அந்த வீட்டுக்குள் வந்தது. "வண்டி ஏறறேன் புள்ள. வர இருவது நாளாகும்..."

பழனியம்மாள் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். அந்நிய ஆண் வீட்டுக்குள் வந்தால் செய்வது போல.

"நீ சாப்புட்டயா புள்ள?"

அவள் பதில் சொல்லவில்லை. நாடா வெறுமனே சுற்றியது.

"இவருதானுங்க, சார்" என்றாள். "இருக்கோணும். ஆனா எனக்குத் தெரியலீங்க. அன்னைக்குத் தெரிஞ்சிருந்துது. நீங்க மறந்துட்டேன்னீங்க... மறந்தே போட்டனுங்க. ஆறு வருசமா அந்த எளவட்டக் கொரலுக்குத்தான் பதில் சொல்லிப் பழகிட்டேன்."

கைகூப்பினேன். அவள் அதைப் பார்க்கவில்லை, டெக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க வர்றதுக்கு முன்ன இருந்தாப்பலயே வெச்சுக் குடுத்துட்டுப் போங்க சார்."

திருகாணியை மறுபடி திருப்பினேன். என் கையாலேயே, இரண்டாம் முறை. கடிகாரம் ஓட்டம் பிடித்தது. இளவட்டக் குரல் அவசர அவசரமாகக் கேட்டது, சாப்புட்டயா என்று.

"சாப்புட்டனுங்க" என்றாள் பழனியம்மாள்.

பிறகுதான் மோரைக் கொண்டுவந்து கொடுத்தாள்; குடித்து முடித்த பின்னும் டம்ளர் என் கையில்தான் இருந்தது. கீழே வைக்க எனக்குத் துணிவு வரவில்லை.