எஸ்ஸுக்கு முன்னால் தொங்கிய கமா

என் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் எஸ் என்ற எழுத்தில் முடியும். கோட்டைமேட்டில் தனியாகத் தையல் கடை போடும்வரை அதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

தொண்ணூறுகளில் டவுன்ஹால் பக்கம் பாதிக் கடைகளின் பெயரில் மேலே ஒரு கமா தொங்கும். அதற்குப் பின்னால் ஓர் எஸ் இருக்கும். இன்னாருடைய கடை என்று அர்த்தம். எனக்கும் அப்படி வேண்டும் என்று ஆசை. "கமாவை எங்கீங்க பாய் போடறது?" என்று போர்டு எழுத வந்தவர் கேட்டார். "கடைசி எஸ்ஸுக்கு முன்னாலீங்க" என்றேன், பத்தாவது வரை படித்தவன் என்ற தைரியத்தில்.

திறப்பு நாளன்று சொந்தக்காரர்களுக்கு டீயும் பூந்தியும் கொடுத்துக்கொண்டிருந்தபோது, என்னிடம் வழக்கமாகத் தைக்கும் காலேஜ் டீச்சரம்மா ஜாக்கெட் துணியோடு வந்தார். கூடவே அவர் மகள். அந்தப் பெண் போர்டை அண்ணாந்து பார்த்து, எஸ்ஸை விட்டுவிட்டு மிச்சப் பெயரை வாய்விட்டுப் படித்தாள். "இது யாரும்மா? பாய் பேரு இது இல்லியே" என்று சிரித்தாள்.

"சும்மா இரு கண்ணு" என்றார் டீச்சரம்மா.

எனக்கு விளங்கவில்லை. "ஏனுங்க மேடம், தப்பா ஏதாச்சும் எழுதிப்போட்டாருங்களா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "அந்த எஸ்ஸு உங்க பேரோடதுதானுங்களே. கமாவை அதுக்கு முன்னால போட்டா, எஸ்ஸு பேருல இருந்து கழண்டு போயிருதுங்க. எஸ்ஸுக்கு அப்புறம் போடோணும். அதுக்கும் பின்னால இன்னொரு எஸ்ஸு போட்டாலும் சரிதானுங்க."

தாழ்த்தி என்ன, பக்கத்தில் நின்ற என் மாமனாருக்குக் கேட்டுவிட்டது. மாப்பிள்ளைக்கு இங்கிலீஷ் நன்றாக வரும் என்று வந்தவர்களிடமெல்லாம் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். வெளியே போய் நின்றுகொண்டார். டீச்சரம்மா நீட்டிய துணியை வாங்கும்போது நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மத்தியானம் ஸ்டூல் போட்டு ஏறி, லைனிங் துணியால் போர்டை மூடினேன். அதற்கப்புறம் வந்தவர்கள் "கடை இன்னும் திறக்கலீங்களா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். "பெயிண்ட் காயலீங்க" என்றேன். அந்தப் பொய் போர்டிலிருந்த தப்பைவிட அவமானமாக இருந்தது. சாப்பாடு கொண்டுவந்த என் மனைவி அந்தத் துணியை அண்ணாந்து பார்த்தாள்.

"எழுத்து தப்பானா திருத்திக்கலாமுங்க. இப்படி மூடிப்போட்டா எளவு வூடு மாதிரி இருக்குது. எடுத்துருங்க."

நான் கேட்கவில்லை. போர்டு எழுதுபவர் மறுபடி வரும்வரை துணி அப்படியே கிடந்தது. வந்தவர் பழைய கமாவை அழித்து, எஸ்ஸுக்கு அப்புறம் வைத்தார்.

"இன்னொரு எஸ்ஸுக்கும் எடமிருக்குதுங்க பாய், போடட்டுங்களா?"

"வேண்டாமுங்க."

அதுவும் சரிதான் என்று தெரியும். ஆனாலும் இரண்டு எஸ் நின்றால் வேறு யாராவது சிரிப்பார்களோ என்ற பயம்.

மாமனார் அதைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். தெருவில் யாராவது போர்டை அண்ணாந்து பார்த்தால் எனக்கு உடம்பு கூசும். சட்டென்று குனிந்துகொண்டு, துணி வைக்காத மிஷினை மிதிப்பேன்.