அம்மா காட்டிய உலகக் கோப்பை

உலகக் கோப்பையைக் காசு கட்டாமல் பார்க்கும் வழியை எங்கள் வீட்டில் கண்டுபிடித்தது நான்தான். அப்போது எனக்குப் பதினோரு வயது. அதற்காக நான் பட்ட பெருமையை இன்று நினைத்தால் கூசுகிறது.

அப்பாவுக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் முடிந்து மண் ரோடு தொடங்கும் இடத்தில் எங்கள் வீடு. அம்மா அதற்கு முந்தின வருடம்தான் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். நான் பள்ளிக்கூடப் பெண்கள் கால்பந்து அணியில் பின்வரிசை ஆட்டக்காரி. பந்தைப் பார்க்காதே, பந்து இல்லாதவர்கள் எங்கே ஓடுகிறார்கள் என்று பார், அதற்கு நிறைய மேட்ச் பார்க்க வேண்டும் என்று பி.டி. சார் சொல்லியிருந்தார். ஆனால் விளையாட்டுச் சேனலுக்குக் கேபிள்காரர் தனியாகப் பணம் கேட்டார். அப்பா அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். எங்கள் வீட்டில் எல்லாமே அடுத்த மாதம்தான் வரும். உலகக் கோப்பைக்கு அது தெரியாது.

அம்மா தினமும் சாயங்காலம் வீடியோ காலில் வருவாள். ஒருநாள் அவள் தோளுக்குப் பின்னால், கதவு இடுக்கில், பச்சையாக ஏதோ அசைந்தது. அந்த வீட்டுக் கூடத்தில் சுவரை அடைத்தாற்போல ஒரு டிவி, அதில் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. “அம்மா, போனைத் திருப்பு!” என்று கத்தினேன். திருப்பினாள். அவ்வளவுதான் என் கண்டுபிடிப்பு.

அன்று முதல் அம்மாவின் முகம் எங்கள் போனில் வருவது நின்றுபோனது. அவள் குரல் மட்டும், கிசுகிசுப்பாக, கேமராவுக்குப் பின்னாலிருந்து வரும்.

“சாப்ட்டியா கண்ணு?”

“சும்மா இரும்மா, கார்னர் கிக்கு.”

“அவ மூஞ்சியக் கொஞ்சம் பாக்க வுடேன்” என்று அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கெஞ்சுவார். ஹாஃப் டைமில் பார்க்கலாம் என்று நான் சொல்வேன். ஹாஃப் டைம் வரைக்கும் அம்மாவால் ஒருநாளும் நிற்க முடிந்ததில்லை. யாரோ கூப்பிடுவார்கள், கால் கட்டாகிவிடும். படத்தில் பாதி கதவு நிலைதான் தெரியும். வலது பக்க கோல் போஸ்ட்டை நான் பார்த்ததே கிடையாது. ஆனாலும் மறுநாள் மைதானத்தில், எல்லா மேட்சையும் குவைத்திலிருந்து லைவாகப் பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கால் இறுதி நடந்த அன்று பெனால்ட்டி கிடைத்தது. பந்து வைத்திருந்ததோ எனக்குத் தெரியாத அந்தப் பக்கம்.

“கிட்டப் போம்மா.”

“இங்க நின்னுகினுதான் கண்ணு காட்ட முடியும்.”

“எல்லாம் முடியும். ரெண்டே ரெண்டு அடி. போம்மா!”

படம் லேசாக ஆடியது. பிறகு கதவு நிலை நகர்ந்து மறைந்தது. முதல்முறையாக முழுத் திரையும் தெரிந்தது. கோல் கீப்பரின் கையுறைகூடத் தெரிந்தது. நான் எழுந்து நின்று கூச்சல் போட்டேன். பெனால்ட்டி அடிப்பவன் ஓடி வந்து உதைப்பதற்குள் படம் சாய்ந்தது. கூரை விளக்கு ஒன்று தெரிந்தது, ஒரு பெண் எனக்குப் புரியாத மொழியில் உரக்கக் கத்தினாள், போன் இருட்டாகிவிட்டது.

மறுநாள் கால் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் யாரோ அப்பாவைக் கூப்பிட்டார்கள். அவர் போனை எடுத்துக்கொண்டு ரோடு வரைக்கும் போய்ப் பேசிவிட்டு வந்து, தொட்டியில் வெகுநேரம் முகம் கழுவினார். அந்த வாரமே கேபிள்காரரைக் கூட்டிவந்து விளையாட்டுச் சேனலைப் போட வைத்தார். இறுதிப் போட்டியை எங்கள் வீட்டு டிவியில் முழுதாகப் பார்த்தேன். இரண்டு கோல் போஸ்ட்டும் தெரிந்தன. அப்பா போனைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இவருக்கு ஆட்டத்தில் ரசனையே இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

நடந்தது என்ன என்று அப்பா என்னிடம் சொன்னது நான் கல்லூரி முடித்த பிறகு. வீட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்த கூடத்தை வேலைக்காரி படம் பிடிக்கிறாள் என்று அந்த வீட்டு எஜமானி நினைத்துவிட்டாளாம். அம்மாவுக்கு அவர்கள் பாஷையில் விளக்கிச் சொல்லத் தெரியவில்லை. போனைப் பிடுங்கி உடைத்துவிட்டார்கள். அங்கே விடுமுறை நாளான வெள்ளிக்கிழமையில் வெளியே போவதையும் நிறுத்திவிட்டார்கள். அன்று அப்பாவைக் கூப்பிட்டு விவரம் சொன்னவர் குவைத்தில் அவர்களுக்குப் பக்கத்து வீட்டு டிரைவர், விழுப்புரத்துக்காரர். ஒப்பந்தத்தில் மீதியிருந்த ஒன்றரை வருடத்தையும் அம்மா அந்த வீட்டுக்குள்ளேயே கழித்துவிட்டுத்தான் ஊர் திரும்பினாள். இதைப் பற்றி என்னிடம் அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், முக்கியமான நேரத்தில் அம்மா என்னை ஏமாற்றிவிட்டாள் என்பதுதான். போட்டிகள் முடிந்து இருபது நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, டிரைவரின் போனிலிருந்து அவள் பேசினாள். குப்பை கொட்ட வெளியே வந்த இடத்தில் கிடைத்த இரண்டு நிமிடம் அது. நான் வாசலில் பந்தைச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தேன்.

“அம்மாடி, ஓடியா. அம்மா லைன்ல இருக்கு” என்றார் அப்பா.

நான் திரும்பவில்லை. என் கோபம் குவைத் வரைக்கும் கேட்க வேண்டும் என்று பந்தை இன்னும் பலமாக அடித்தேன்.

அப்பா போனில், “வர மாட்டேங்குது. பந்து அடிச்சிகினு இருக்குது” என்றார். அந்தப் பக்கம் அம்மா ஏதோ சொன்னாள். அதற்கப்புறம் அவர் என்னைக் கூப்பிடவே இல்லை. வாசற்படி இறங்கி வந்து, பந்து படும் சுவருக்குப் பக்கத்தில் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். நான்தான் பேசப்போவதில்லையே, பின்னே எதற்கு இப்படி நிற்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.